வெட்டுத்துணி வேலைக்கு எந்த அடித்துணி?

புதுச்சேரி மகாத்மா காந்தி வீதியின் ஞாயிற்றுச் சந்தையில் துணி வாங்குகிறவர்களே, தையலில் மிஞ்சும் பட்டைத் துண்டுகளைச் சேர்த்து வையுங்கள். அவற்றை இணைத்து அழகான மெத்தை விரிப்பு தைக்கலாம். துண்டுகளை மேலே வைத்துத் தைக்கும் அடித்துணி சரியாக அமைந்தால்தான் வேலை நிற்கும்.

• பழைய பருத்தி வேட்டி: பலமுறை துவைத்தது என்பதால் இனிச் சுருங்காது, கை ஊசியும் சுலபமாக இறங்கும். நைந்த பகுதியை ஒதுக்கிவிடுங்கள்.

• புது மல் துணி: துவைத்து, இஸ்திரி போட்ட பிறகே வெட்டுங்கள். இல்லையேல் முதல் சலவையிலேயே விரிப்பில் சுருக்கம் விழும்.

• காகிதம்: விரிப்பு கனக்கக் கூடாது என்றால் இதுவே நல்லது, தைத்த பின் கிழித்து எடுத்துவிடலாம். தையல் நீளத்தை 1.5 மி.மீ. வைத்தால் தாள் சுத்தமாகக் கிழிந்து வரும். செய்தித்தாளின் மை வெளிர்நிறத் துணியில் ஒட்டும், வெள்ளைத்தாளே நல்லது.

• அப்ளிக் வேலைக்கு: பூவும் இலையும் வைத்துத் தைக்க, துவைத்த காடா துணி ஏற்றது, அழுத்தமாக இருப்பதால் இழுபடாது.

• சந்தேகத் துணியா? ஒரு நூலைக் கொளுத்துங்கள். பருத்தி சாம்பலாகும், பாலியஸ்டர் உருகி மணியாகத் திரளும். பாலியஸ்டரைச் சூடான இஸ்திரிப் பெட்டிக்குக் காட்டாதீர்கள்.

• அளவு: 6 அங்குலக் கட்டத்துக்கு அடித்துணியை 7 அங்குலமாக வெட்டுங்கள். தைத்து முடித்ததும், தையல் விளிம்பு சேர்த்து 6½ அங்குலமாக நறுக்குங்கள்.