வீட்டில் ஒரு சிறு கடல்

'பதறாத காரியம் சிதறாது' என்பது முதுமொழி. கடல்நீர் மீன் தொட்டி அமைத்தபோது அக்காள் தங்கையராகிய நாங்கள் இதைக் கற்றோம்.

நூறு லிட்டர் தொட்டியில், லிட்டருக்கு 35 கிராம் வீதம் செயற்கைக் கடல் உப்புக் கலவையைக் கரைத்தோம். சமையல் உப்பு உதவாது. கடல்நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் அதில் போதிய அளவு இல்லை. துளைகள் நிறைந்த கற்களை அடுக்கி, நீரோட்டத்திற்குச் சிறு பம்பு பொருத்தினோம்.

மூன்றாம் நாளே இரண்டு கோமாளி மீன்களை விட்டோம். ஒரே வாரத்தில் இரண்டும் இறந்தன. ஏன்?

மீனின் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியா கொடிய நஞ்சு. ஒருவகைப் பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும். இவை கற்களில் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் வேண்டும். இம்முறை சிறிது மீன் உணவை மட்டும் இட்டு, அம்மோனியா மறையும்வரை சோதித்துக் காத்திருந்தோம். இப்போதைய மீன்கள் நலம்.

நீர் ஆவியாகும்; உப்பு ஆவியாகாது. ஆகவே குறையும் அளவுக்கு நன்னீரே ஊற்றுகிறோம்.

பவளம் வைக்கவில்லையா என்பீர்கள். பவளம் கல்லன்று, உயிர். மன்னார் வளைகுடாவில் அதை எடுப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். எங்கள் அவசரத்தால் மாண்ட உயிர்கள் இரண்டே போதும், தோழியரே!