நீராவியைத் தாண்டிப் போன தோணி



காயல்பட்டினத்திலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. நீராவிக் கப்பல்கள் போய் டீசல் கப்பல்கள் வந்தபோது தூத்துக்குடித் தோணிகளின் நீராவி இன்ஜின்களை என்ன செய்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். தோணிக்குள் நீராவி நுழையவே இல்லை, தம்பி. பாய் கட்டி ஓடிய தோணி நேராக டீசலுக்கு வந்துவிட்டது.

நீராவிக்குக் கொதிகலன் வேண்டும். கொதிகலனுக்குக் கரியும் நல்ல தண்ணீரும் வேண்டும். இரவு பகலாகக் கரி அள்ளிப் போட ஆள் வேண்டும். சில நூறு டன் ஏற்றும் மரத்தோணியில் இத்தனையையும் வைத்துவிட்டு வெங்காயத்தையும் மிளகாய் வற்றலையும் எங்கே அடுக்குவது? காற்றோ கூலி கேட்பதில்லை.

ஆனாலும் தோணியை வாழவைத்தது நீராவிக் கப்பல்தான். தூத்துக்குடியில் கரையோரம் ஆழம் போதாது. பெரிய கப்பல்கள் சில மைல் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். சரக்கும் ஆட்களும் படகிலும் தோணியிலும்தான் போய்வர வேண்டும். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கப்பலானாலும் வ.உ.சி.யின் ‘காலியா’வானாலும் இதே கதிதான். 

வ.உ.சி. 1906-இல் தொடங்கிய சுதேசி நாவாய்ச் சங்கம் 1911-இல் கலைக்கப்பட்டது. அடுத்த ஆண்டே, 1912 பிப்ரவரியில், டென்மார்க்கின் ‘செலாண்டியா’ கோபன்ஹேகனிலிருந்து பாங்காக்குக்குக் கிளம்பியது. டீசல் இன்ஜினில் பெருங்கடல் கடந்த முதல் கப்பல்களில் அது ஒன்று. அதற்குப் புகைபோக்கியே கிடையாது. புகை பாய்மரத் தூண் வழியாக வெளியேறியது. எண்ணெய் சிலிண்டருக்குள்ளேயே எரிந்ததால் கொதிகலன் தேவைப்படவில்லை, கரி தள்ளும் ஆட்களும் தேவைப்படவில்லை, மிச்சமான இடமெல்லாம் சரக்குக்குக் கிடைத்தது. இதில் அடிபட்டது கொழும்பு போன்ற துறைமுகங்கள். சூயஸ் வழி வந்த கப்பல்கள் கரி ஏற்றவும் அங்கே நின்றன. நம் பக்கத்து ஆட்களும் அந்தக் கரியைச் சுமந்தார்கள்.

இருந்தும் நீராவி சட்டென்று ஓயவில்லை. உங்கள் வாப்பா பினாங்கு போனதாகச் சொல்லும் ‘ரஜூலா’ 1926-இல் கட்டப்பட்ட நீராவிக் கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று சுமார் 47 ஆண்டுகள் ஓடியது. அதை 1973-இல் இந்தியக் கப்பல் கழகம் வாங்கிப் பெயர் மாற்றியது. மறு வருஷமே உடைக்கப் போய்விட்டது. அதே கழகம் வாங்கியிருந்த ‘சிதம்பரம்’ டீசல் கப்பல். வாப்பாவின் பயணம் 1973-க்குப் பிந்தியது என்றால் அவர் ஏறியது ‘சிதம்பர’மாக இருக்கலாம், பாஸ்போர்ட் முத்திரையைப் பாருங்கள்.

தோணிக்கு வருவோம். 1974-இல் தூத்துக்குடிப் புதுத் துறைமுகம் வந்தது. கப்பல்கள் நேரே தளத்துக்கே வந்து நின்றன. நடுக்கடலில் சரக்கு இறக்கும் வேலை தோணியின் கையை விட்டுப் போயிற்று. 1983-க்குப் பிறகு இலங்கையின் நிலைமை கொழும்பு ஓட்டத்தையும் பாதித்தது. மிச்சமிருந்தது மாலத்தீவும் லட்சத்தீவும். காற்று தோதாக வரட்டும் என்று காத்திருந்தால் மாலேயில் காய்கறி அழுகிப்போகும், வியாபாரி வேறு ஆளைத் தேடிக்கொள்வான். இன்ஜின் மோகத்தால் தோணிக்காரர்கள் மாறினார்கள் என்று சிலர் எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். இருந்த தொழில் பறிபோன பிறகு பிழைக்க வழி அதுதான். இன்ஜினைப் பொருத்திய பிறகும் உடம்பு மரம்தான், தோணியை நடத்தும் தண்டலும் அதே தண்டல்தான். பாயைச் சில தோணிகள் கைகாவலாக வைத்துக்கொண்டன.

இன்ஜின் வந்தும் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தோணிகள் கடலுக்குப் போவதில்லை. மரத்தைப் பழுது பார்ப்பது, இடுக்குகளை அடைப்பது, எண்ணெய் பூசுவது எல்லாம் அப்போதுதான். தோணியின் உட்புறத்தையும் இன்ஜின் எவ்வளவு சிறிய இடத்தில் அடங்கியிருக்கிறது என்பதையும் பார்க்க ஆசையிருந்தால், ஜூன், ஜூலையில் பழைய துறைமுகம் பக்கம் வாருங்கள். தண்டல்களுக்கு அப்போது பேச நேரமும் இருக்கும்.