தோள்பட்டை இடுக்கு வலியும் பிடித்துவிடுதலும்

ஏர்மாட்டின் கழுத்தில் புண் கண்டால் உடனே நுகத்தடியைக் கவனிக்கிறோம். ஆனால் வேலை செய்யும் மனிதனுக்குத் தோள் நொந்தால், எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிட்டால் போய்விடும் என்று மறுநாளும் அதே வேலைக்கு அனுப்புகிறோம். கையைத் தலைக்குமேல் தூக்கிச் செய்யும் வேலை மிகுந்த இடங்களில் இவ்வலி சாதாரணமாய்க் காணப்படுகிறது. கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைப் பந்தல்களில் கவாத்துச் செய்தல், புடலை பாகல் பந்தல்களில் கொடி படரவிடுதல், கொடிக்காலில் வெற்றிலைக் கொடி கட்டுதல், தொரட்டியால் மாங்காய் பறித்தல், லாரியில் மூட்டை ஏற்றுதல் ஆகியவற்றை உதாரணமாகச் சொல்லலாம். இவ்வலிக்குப் பிடித்துவிடுதல் பயன் தருமா, தருமாயின் எவ்வளவு என்பதை இங்கு ஆராய்வோம்.

நோயின் தன்மை

தோளின் உச்சியில் ஓர் எலும்பு கூரைபோல் நீண்டிருக்கிறது. அக்கூரைக்கும் புயத்தெலும்பின் தலைக்கும் நடுவேயுள்ள இடுக்கில், கையைப் பக்கவாட்டில் உயர்த்த உதவும் தசையின் நாணும், உராய்வைக் குறைக்கும் சிறு நீர்ப்பையும் அமைந்திருக்கின்றன. கையை ஓயாமல் உயர்த்தி வேலை செய்யின் இவை நொந்து வலி உண்டாகிறது. இதை அறிய ஓர் எளிய அடையாளம் உண்டு. கையைப் பக்கவாட்டில் மெல்ல உயர்த்தினால் தொடக்கத்தில் வலி இராது. ஏறக்குறைய 60 பாகையிலிருந்து 120 பாகை வரையில் வலிக்கும். அதற்கு மேல் குறையும். நொந்த பக்கமாய்ப் படுத்தால் இரவில் உறக்கம் வராது.

அமெரிக்க மருத்துவர் சார்லஸ் நீர் என்பவர் 1972-ல், கூரையெலும்பு நாணின்மேல் உராய்வதே இதற்குக் காரணம் என்று விளக்கி, அவ்வெலும்பின் அடிப்பாகத்தைச் செதுக்கும் சிகிச்சையையும் எடுத்துரைத்தார். உரமிட்ட பாத்தியின் பக்கத்தில் உரமிடாத பாத்தியையும் வைத்து ஒப்பிடுவதுபோல, பிரிட்டனில் 313 நோயாளிகளை மூன்று பிரிவாக்கிச் சோதித்த முடிவு 2018-ல் வெளியாயிற்று. எலும்பைச் செதுக்கப்பெற்றவர்களுக்கும், குழாய்க் கருவியால் உள்ளே பார்த்ததோடு நிறுத்தப்பெற்றவர்களுக்கும் குணத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆகையால், தாங்கும் சக்திக்கு மிஞ்சிய வேலையால் நாண் நொந்துபோவதே முக்கிய காரணம் என்று இக்காலத்து மருத்துவர் பலர் கருதுகின்றனர்.

பிடித்துவிடுவதன் பயன்

பிடித்துவிடுவதால் எலும்பின் அமைப்பு மாறாது. நொந்த நாணுக்கு வலிமையும் ஏறாது. ஆனால் வலியினால் இறுகிப்போன கழுத்து, தோள், முதுகுத் தசைகள் தளரும். வலியுணர்ச்சி சிறிது நேரம் தணியும். கையை அசைக்கும் அச்சமும் நீங்கும். ஆஸ்திரேலியாவில் 29 பேரைக் கொண்டு நடத்தி 2003-ல் வெளியிட்ட ஒரு சோதனையில், இரண்டு வாரங்களில் ஆறு முறை பிடித்துவிடப்பெற்றவர்கள், சிகிச்சையின்றிக் காத்திருந்தவர்களைவிட வலி குறைந்து கையை நன்றாக உயர்த்தினர். ஆயினும் சோதனை சிறியது, காலமும் குறுகியது. ஆகவே, பிடித்துவிடுதல் துணைச் சிகிச்சையேயன்றி முழுச் சிகிச்சையாகாது என்று கொள்வதே தகும்.

செய்யும் முறையும் மென்மையாய் இருத்தல் வேண்டும். கழுத்தடியிலிருந்து தோள் நோக்கியும், முதுகுச் சிப்பியெலும்பின்மீதும், உள்ளங்கையால் ஐந்து முதல் பத்து நிமிஷம் நீவிவிட்டால் போதும். வலிக்கும் முனையைக் கட்டைவிரலால் குத்தி அழுத்துவதும், கையை வெடுக்கென்று இழுத்துச் சொடுக்குவதும் கூடா. எண்ணெய் எதுவாயினும் கை வழுக்கிச் செல்வதற்கே உதவுகிறது.

பின் செய்யவேண்டியது

வலி தணிந்த அந்த வேளையே பயிற்சிக்கு ஏற்ற வேளை. முதலில் முன்குனிந்து கையைத் தொங்கவிட்டு ஊஞ்சல்போல் மெல்ல ஆட்டுக. அடுத்து, சுவரில் விரல்களை நடத்திக் கையை வலிக்குமட்டும் உயர்த்துக. சில நாள் சென்றபின், முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி, பழைய சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய ரப்பர்ப் பட்டையை வெளிப்புறமாக இழுத்துப் பழகுக. பயிற்சியால் எழும் சிறு வலி மறுநாள் காலைக்குள் அடங்கினால் தொடரலாம். அடங்காவிடில் குறைத்துக்கொள்ள வேண்டும். பயனைக் காண ஏறக்குறைய 12 வாரம் பொறுத்திருத்தல் அவசியம்.

வேலையையும் திருத்தாவிடில் இப்பிரயாசை வீணாகும். பந்தலடியில் உறுதியான பலகைமேல் நின்றால் முழங்கை தோள்மட்டத்துக்குக் கீழே அமையும். தலைக்குமேல் செய்யும் வேலையை ஒருவரே நாள் முழுதும் செய்யாமல், மணிக்கொருமுறை ஆள் மாற்றிக்கொள்ளலாம். வலியுள்ளவருக்குக் களையெடுப்பு, தரம்பிரித்தல் போன்ற தாழ்ந்த மட்டத்து வேலையைக் கொடுத்தால், அவர் கூலியும் போகாது, நிலக்காரருக்கு ஆள் பஞ்சமும் நேராது.

எச்சரிக்கை

கீழே விழுந்தபின் கையைத் தூக்க முடியாவிடில் நாண் அறுந்திருக்கக்கூடும். பிடித்துவிடாமல் உடனே மருத்துவரிடம் செல்க. வீக்கமும் காய்ச்சலும் சேர்ந்திருந்தாலும் அவ்வாறே. இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர்கள் மருத்துவரைக் கேளாமல் பிடித்துவிடச் செய்யலாகாது. நீரிழிவு உள்ளவருக்குத் தோள் எல்லாத் திசைகளிலும் இறுகிவந்தால் அது வேறு நோயாகலாம். இடத்தோள் வலியோடு மார்பிறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறல் தோன்றினால், அது இருதயக் கோளாறாகலாம். தைலம் தேடிக் காலம் போக்காமல் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

இவ்விஷயங்களைக் கிராம அதிகாரிகளும் நிலக்காரர்களும் அறுவடைக்கு முன்னரே வேலையாட்களுக்கு எடுத்துச் சொல்வார்களாக. நுகத்தடியைத் திருத்தாமல் கழுத்துப் புண்ணுக்கு மருந்து மட்டும் தடவினால் புண் ஆறாது என்பதை அறியாத உழவர் இல்லை. தோளுக்கும் அதுவே விதி.