சிறகுகளின் சாட்சியம்

நுழையும்முன்

பறவையைக் கண்டு ஏங்கிய மனிதன், தன் ஏக்கத்தை இயந்திரமாக வடித்தான். அவ்வியந்திரங்கள் உழைத்து ஓய்ந்தபின் அருங்காட்சியகத்தை அடைகின்றன. அங்கு அவற்றைக் கண்டு வியப்பது எளிது. அவை சொல்வனவற்றையும் சொல்லாது விடுவனவற்றையும் உணர்ந்து படிப்பது அரிது. அமெரிக்காவிலுள்ள அருங்காட்சியகம் ஒன்றில் ஒரு குடும்பம் செலவிட்ட ஒருநாள் வழியே அந்தப் படிப்பை அறிமுகம் செய்கிறது இப்பாடம்.

கூரையின்கீழ் ஒரு வானம்

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனுக்கு மேற்கே, வர்ஜீனியா மாநிலத்தின் சாண்டிலி என்னும் ஊரில் ஸ்டீவன் எஃப். உட்வர்-ஹேசி மையம் அமைந்துள்ளது. இது, ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த தேசிய வானூர்தி, விண்வெளி அருங்காட்சியகத்தின் இரண்டாம் வளாகமாகும். முதல் வளாகம் 1976ஆம் ஆண்டு வாஷிங்டன் நகரின் நடுவே திறக்கப்பட்டது. பெரிய வானூர்திகளை முழுமையாக நிறுத்துவதற்கு அங்கு இடம் போதவில்லை. எனவே, டல்லஸ் பன்னாட்டு வானூர்தி நிலையத்தை ஒட்டி இப்புதிய வளாகம் எழுப்பப்பட்டு, 2003 டிசம்பர் 15 அன்று மக்களுக்குத் திறக்கப்பட்டது. நுழைவுக்கட்டணம் இல்லை. பத்து மாடி உயரத்தில் வளைந்து நிற்கும் கூரையின்கீழ், தரையில் சில, அந்தரத்தில் பல என வானூர்திகள் அணிவகுத்து நிற்கின்றன.

கோடை விடுமுறையில் ஒருநாள் காலை, தாய், தந்தை, மேல்நிலை வகுப்பில் பயிலும் மகள், பத்து வயது மகன் என நால்வர் அங்குச் சென்றனர். வாயிலைக் கடந்து மேல்தளத்தில் நின்றதும் எதிரே கீழ்த்தளத்தில் தெரிந்தது கரிய நிற எஸ்.ஆர்.-71 உளவு வானூர்தி.

“அப்பா! இது எவ்வளவு வேகத்தில் போகும்?” என்றான் மகன்.

1990 மார்ச் 6 அன்று இவ்வானூர்தி லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலிருந்து வாஷிங்டன் வரையுள்ள தொலைவை 64 நிமிடம் 20 நொடிகளில் கடந்தது. அதுவே அதன் இறுதிப் பயணமுமாகும். டல்லஸில் தரையிறங்கி, அன்றே அருங்காட்சியகத்தின் உடைமையாயிற்று. அடுத்து, ஒலியைப்போல் இருமடங்கு வேகத்தில் பயணிகளைச் சுமந்த கன்கார்டு வானூர்தியைக் கண்டனர். அங்கும் மகன் அதே கேள்வியைக் கேட்டான். ஒவ்வொரு விடையையும் தன் சிறு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான்.

பொய்த்த பெருமை

கூடத்தின் ஓரிடத்தில், முன்னும் பின்னுமாக இரண்டு இணைச் சிறகுகள் கொண்ட பழைய வானூர்தி ஒன்று இருந்தது. அதை உருவாக்கியவர் சாமுவேல் லாங்லி. அவர் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். அரசின் பொருளுதவியோடு அவர் படைத்த அவ்வானூர்தி 1903 அக்டோபர் 7, டிசம்பர் 8 ஆகிய இரு நாள்களிலும் ஏவப்பட்டு, இருமுறையும் போட்டோமாக் ஆற்றில் வீழ்ந்தது. இரண்டாம் வீழ்ச்சி நிகழ்ந்த ஒன்பதாம் நாள், டிசம்பர் 17இல், மிதிவண்டிக் கடை நடத்திவந்த ரைட் உடன்பிறந்தார் 12 நொடிகள் பறந்து வரலாறு படைத்தனர்.

லாங்லி மறைந்தபின், 1914ஆம் ஆண்டு அவருடைய வானூர்தியில் பல மாற்றங்கள் செய்து சிறிது தொலைவு பறக்கவிட்டனர். பின்னர், மனிதரைச் சுமந்து பறக்கும் ஆற்றல் பெற்ற முதல் வானூர்தி இதுவே என்னும் விளக்கத்துடன் அதைக் காட்சிக்கு வைத்தது ஸ்மித்சோனியன். செய்த மாற்றங்களை அது வெளிப்படுத்தவில்லை. மனம் நொந்த ஆர்வில் ரைட், தம் வானூர்தியை 1928ஆம் ஆண்டு இலண்டனிலுள்ள அறிவியல் அருங்காட்சியகத்திற்கு அனுப்பிவிட்டார். நாட்டின் பெருஞ்சாதனை கடல்கடந்து சென்றது.

1942ஆம் ஆண்டு ஸ்மித்சோனியன் தன் தவற்றை எழுத்து வடிவில் ஒப்புக்கொண்டது. 1948 டிசம்பர் 17 அன்று ரைட் வானூர்தி வாஷிங்டனில் நிறுவப்பட்டது. அதைக் காண ஆர்வில் இல்லை. அவ்வாண்டின் தொடக்கத்திலேயே அவர் இயற்கை எய்தியிருந்தார்.

“அருங்காட்சியகமே தவறாக எழுதி வைக்குமா?” என்று வியந்தாள் மகள்.

“எழுதுபவர்கள் மனிதர்கள்தாமே! திருத்திக்கொண்டார்கள் என்பதையும் சேர்த்துப் படி” என்றார் தாய்.

அன்னையின் பெயர்

அடுத்து அவர்கள் நின்ற இடத்தில் வெள்ளியெனப் பளபளக்கும் பெரிய குண்டுவீச்சு வானூர்தி ஒன்று நின்றது. அதன் முகப்பில் ‘எனோலா கே’ என்னும் பெயர் எழுதப்பட்டிருந்தது. மகன் எழுத்துக்கூட்டிப் படித்தான்.

“யார் பெயர் இது?”

“இதை ஓட்டிய பால் டிபெட்ஸ் என்பவருடைய அம்மாவின் பெயர்.”

மகன் மகிழ்ந்தான். மகள் மகிழவில்லை. 1945 ஆகஸ்டு 6 அன்று காலை, ஹிரோசிமா நகரின்மீது அணுகுண்டை வீசிய வானூர்தி இது என்பதை அவள் வகுப்பில் படித்திருந்தாள். அதைத் தம்பிக்கு மெல்ல எடுத்துச் சொன்னாள். அவன் நெடுநேரம் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அந்த ஊரிலும் அம்மாக்கள் இருந்திருப்பார்களே, அக்கா?”

அக்கேள்வி அந்நாட்டையே ஒருகாலத்தில் உலுக்கிய கேள்வியாகும். போர் முடிந்து ஐம்பதாண்டுகள் நிறைந்ததையொட்டி, 1995ஆம் ஆண்டு இவ்வானூர்தியின் முற்பகுதியோடு ஹிரோசிமா மக்கள் பட்ட துயரையும் காட்டும் கண்காட்சியை அருங்காட்சியகம் திட்டமிட்டது. முன்னாள் படைவீரர்கள் எதிர்த்தனர். போரில் தாம் இழந்த தோழர்களையும், போர் விரைந்து முடிந்ததனால் பிழைத்த உயிர்களையும் அக்காட்சி மறந்துவிடும் என அவர்கள் அஞ்சினர். திட்டம் கைவிடப்பட்டது, அருங்காட்சியக இயக்குநர் பதவி விலகினார். 2003ஆம் ஆண்டு முழுமையாகச் சீரமைக்கப்பட்ட வானூர்தி இம்மையத்தில் வைக்கப்பட்டபோது, அதன் விளக்கப்பலகையில் மாண்டவர் எண்ணிக்கை இடம்பெறவில்லை. குண்டுவீச்சில் உயிர்பிழைத்த முதியோர் சிலர் ஜப்பானிலிருந்து வந்து தம் வருத்தத்தைத் தெரிவித்தனர்.

1945ஆம் ஆண்டின் இறுதிக்குள் ஏறத்தாழ 1,40,000 பேர் மாண்டனர் என ஹிரோசிமா நகராட்சி மதிப்பிடுகிறது. மகன் கேட்க, தந்தை அந்த எண்ணைச் சொன்னார். குறிப்பேட்டில் வேகங்களை எழுதிய பக்கத்தை விடுத்து, அடுத்த பக்கத்தில் அவன் அதை எழுதினான்.

கரிபடிந்த ஓடம்

அடுத்துள்ள விண்வெளிக் கூடத்தின் நடுவே நிற்பது டிஸ்கவரி விண்ணோடம். 1984 முதல் 2011 வரை 39 முறை விண்வெளி சென்று, மொத்தம் 365 நாள்களை அங்குக் கழித்த ஓடம் இது. ஹபிள் தொலைநோக்கியை 1990ஆம் ஆண்டு விண்ணுக்குக் கொண்டுசென்றதும் இதுவே. புதுவண்ணம் பூசாமல், வளிமண்டலத்தைக் கிழித்து மீண்ட தழும்புகளோடு இதனைக் காட்சிக்கு வைத்துள்ளனர். உடலைப் போர்த்தியுள்ள ஆயிரக்கணக்கான வெப்பத்தடுப்பு ஓடுகளில் கரியும் கீறலும் தெரிகின்றன.

இவ்வோடத்திற்கு இன்னொரு சிறப்பும் உண்டு. 1986ஆம் ஆண்டு சேலஞ்சர் ஓடம் வெடித்துச் சிதறியதில் எழுவர் மாண்டனர். 2003ஆம் ஆண்டு கொலம்பியா சிதைந்ததில் நம் நாட்டில் பிறந்த கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவர் மாண்டனர். பொறியாளர்கள் கூறிய ஐயங்களுக்குச் செவிசாய்க்காமையும் அவ்விபத்துகளுக்குக் காரணம் என விசாரணைக் குழுக்கள் வெளிப்படையாக எழுதின. தவறுகளைக் களைந்தபின், 1988இலும் 2005இலும் மீண்டும் முதலில் பறந்தது டிஸ்கவரியே. 2005ஆம் ஆண்டுப் பயணத்திற்குத் தலைமையேற்றவர் எய்லீன் காலின்ஸ் என்னும் பெண்மணி.

“இரண்டு முறை அப்படி நடந்த பிறகும் எப்படி அம்மா ஏறினார்கள்?” என்றாள் மகள்.

“என்ன நடந்தது என்பதை மறைக்காமல் சொன்னதால்தான் ஏற முடிந்தது” என்றார் தாய்.

மாலைக் கேள்வி

மாலையில் அவர்கள் வளாகத்தின் காட்சிக் கோபுரத்திற்குச் சென்றனர். டல்லஸ் நிலையத்தில் இறங்கும் வானூர்திகளை அங்கிருந்து காணலாம். தொலைவில் ஒளிப்புள்ளியாய்த் தோன்றிய வானூர்தி ஒன்று வளர்ந்து, சிறகு விரித்து, ஓடுதளத்தை நோக்கித் தாழ்ந்தது. மகன் கண்ணாடியில் முகம் பதித்து நின்றான். அதன் வேகத்தை அவன் கேட்பான் எனத் தந்தை எதிர்பார்த்தார்.

“அதில் யார் யார் வருகிறார்கள், அப்பா?” என்றான் அவன்.

கற்பவை கற்றபின்

1. லாங்லியின் வானூர்திக்கு முதலில் எழுதப்பட்ட விளக்கம் உண்மைக்கு எவ்வாறு மாறுபட்டது? அதன் விளைவுகளைத் தொகுத்து எழுதுக.

2. ‘எனோலா கே’ வானூர்திக்கு உரிய விளக்கப்பலகையை 60 சொற்களுக்கு மிகாமல் நீங்களே எழுதுக. எதைச் சேர்த்தீர்கள், எதை விட்டீர்கள் என்பதற்குக் காரணம் கூறுக.

3. அருகிலுள்ள அருங்காட்சியகத்திற்கு உங்கள் குடும்பத்துடன் சென்று, ஏதேனும் ஒரு காட்சிப்பொருளின் விளக்கத்தில் இடம்பெறாத மூன்று கேள்விகளைக் கண்டறிந்து வகுப்பில் கலந்துரையாடுக.