நிலக்கீழ் களஞ்சியத்து ஈரம்: இயந்திரம் வாங்க முன் கணக்குப் பாருங்கள்

வியாபாரத்தில் நட்டம் வரும் வழிகளைக் கேட்டால், திரும்பி வராத கடன், விலை வீழ்ச்சி, களவு, தீ என்று வரிசையாகச் சொல்வோம். சத்தமில்லாமல் வரும் ஒரு நட்டத்தை மட்டும் யாரும் கணக்குப் புத்தகத்தில் எழுதுவதில்லை. அதுதான் ஈரம். பூஞ்சணம் பிடித்த புடைவைக் கட்டு, மினுக்கம் போன தோல் பாதணி, தாள்கள் நெளிந்த கொப்பிக் கட்டு, மணம் மாறிய மிளகு மூடை ஆகியவற்றைக் 'கழிவு விலைக்குத் தள்ளிவிட்டோம்' என்று சொல்லி மறந்துவிடுகின்றோம்.

காணி விலை ஏற ஏற, கொழும்பு போன்ற நகரங்களில் களஞ்சியம் நிலத்துக்குக் கீழே இறங்குகின்றது. கண்டி, மாவனல்லை போன்ற மலைப்பாங்கான ஊர்களிலோ மேட்டை வெட்டிக் கட்டிய கடைகளின் பின்சுவர் மண்ணோடு ஒட்டியே நிற்கின்றது. இப்படியான களஞ்சியங்கள் பலவற்றுக்குச் சென்று பார்த்தவன் என்ற வகையில், ஈரத்தைப் பற்றியும் அதை அகற்றும் 'டிஹியுமிடிபயர்' இயந்திரத்தைப் பற்றியும் சில விடயங்களை இங்கு சொல்ல விரும்புகின்றேன். சுருக்கமாகச் சொன்னால், இயந்திரம் கடைசி வேலை. தண்ணீர், சுவர், கதவு ஆகிய மூன்றும் அதற்கு முந்திய வேலைகள்.

காற்றுக்குள் எவ்வளவு தண்ணீர்?

சூடான காற்று கூடுதலான நீராவியைத் தாங்கும். குளிர்ந்த காற்று குறைவாகவே தாங்கும். 30 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் ஒரு கன மீற்றர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 27 பாகையில் ஏறத்தாழ 26 கிராம்தான். தாங்கக்கூடிய அளவில் எத்தனை வீதம் உண்மையில் இருக்கின்றது என்பதே சார் ஈரப்பதன். வானிலை அறிக்கையில் 'ஈரப்பதன் 80 வீதம்' என்று சொல்வது இதைத்தான்.

மழைக்காலத்தில் வெளியே 30 பாகையும் 80 வீதமும் இருந்தால், அந்தக் காற்றின் ஒவ்வொரு கன மீற்றரிலும் 24 கிராம் நீராவி இருக்கும். அதே காற்று 27 பாகையிலுள்ள களஞ்சியத்துக்குள் இறங்கும்போது, 26 கிராம் தாங்கும் இடத்தில் 24 கிராம் வந்து நிற்கின்றது. எங்கும் ஒரு சொட்டுக் கசியாமலேயே ஈரப்பதன் 90 வீதத்தைத் தாண்டிவிடுகின்றது. மேல்தளக் கடையில் குளிரூட்டி ஓடுவதால் களஞ்சியத்தின் கூரை 25 பாகைக்குக் குளிர்ந்திருந்தால், அதில் வியர்வை போல நீர் துளிர்க்கும். பலர் இதைப் பைப் கசிவு என்று நினைத்துக் கூரையை உடைத்துப் பார்க்கின்றனர்.

ஈரப்பதன் 70 வீதத்துக்கு மேல் நாட்கணக்கில் நீடித்தால் பூஞ்சணம் தலைகாட்டும். 80 வீதத்துக்கு மேல் சென்றால் வேகமாகப் பரவும். 60 வீதத்துக்குக் கீழே வைத்திருந்தால் அநேகமாகப் பயமில்லை. புடைவை, பாதணி, கடதாசி வைத்திருப்போருக்கு 55 முதல் 60 வீதம் நல்ல இலக்கு. அதற்கும் கீழே இறக்க முயல்வது மின்சாரத்துக்கே செலவு.

காற்றோட்டம் எப்போதும் நல்லதா?

'கதவைத் திறந்து விசிறியைப் போட்டால் காய்ந்துவிடும்' என்பது எம்மவர்கள் பலரின் நம்பிக்கை. வீட்டுக் குளியலறைக்கு இது சரி. நிலக்கீழ் களஞ்சியத்துக்கு மழைக்காலத்தில் இது எதிர்மாறாகவே வேலை செய்யும்.

புறக்கோட்டையில் ஒரு புடைவை வியாபாரி, பெருநாளுக்கென்று இறக்கிய சரக்கை நிலக்கீழ் தளத்தில் அடுக்கியிருந்தார். காற்றை வெளியே தள்ளும் விசிறி இரவு பகலாக ஓடியது. ஓர் இயந்திரமும் ஓடியது. ஆனாலும் அடி வரிசைப் பெட்டிகளில் பூஞ்சண வாடை. இரண்டாவது இயந்திரம் வாங்க அவர் பணம் ஒதுக்கியிருந்தபோதுதான் நான் போய்ப் பார்த்தேன். விசிறி வெளியே தள்ளும் ஒவ்வொரு கன மீற்றர் காற்றுக்கும் பதிலாக, படிக்கட்டு வழியே ஈரமான தெருக்காற்று உள்ளே வந்துகொண்டிருந்தது. விசிறியை நிறுத்தி, அதன் துவாரத்தை அடைத்து, கதவின் அடியில் இறப்பர் பட்டி ஒட்டும்படி சொன்னேன். அதன் பின்னர் இருந்த ஓர் இயந்திரமே போதுமாயிற்று. பெருநாள் சரக்கும் தப்பியது.

இதன் கணக்கைப் பாருங்கள். 800 சதுர அடியும் 8 அடி உயரமும் உள்ள ஒரு களஞ்சியத்தில் ஏறத்தாழ 180 கன மீற்றர் காற்று உண்டு. 27 பாகையில் 60 வீதம் என்றால் கன மீற்றருக்கு 15.5 கிராம் நீராவி. வெளிக்காற்றில் 24 கிராம். ஆகவே உள்ளேயுள்ள காற்று முழுவதும் ஒருமுறை மாறினால் ஏறத்தாழ 1.6 லீற்றர் தண்ணீர் உள்ளே வருகின்றது. கதவை இறுக்கி மூடி, நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறைதான் காற்று மாறுகின்றது என்று வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு 10 லீற்றருக்குக் குறைவு. விசிறி ஓடி மணித்தியாலத்துக்கு இருமுறை மாறினால் 75 லீற்றருக்கு மேல். எந்த வீட்டு இயந்திரமும் இதைத் தாங்காது.

ஆனால் களஞ்சியத்துக்குள் ஊழியர்கள் நாள் முழுவதும் இருந்து வேலை செய்வதாயின், அவர்களுக்குச் சுத்தமான காற்று அவசியம். அங்கே முழுமையாக அடைக்கக் கூடாது. அதற்கேற்பப் பெரிய இயந்திரம் தேவைப்படும்.

ஈரம் எங்கிருந்து வருகின்றது?

ஈரத்துக்கு மூன்று வழிகள் உண்டு: மழைநீரும் பைப் கசிவும், மண்ணிலிருந்து சுவர் வழியே ஊறுவது, காற்றோடு வருவது. பின் இரண்டையும் பிரித்தறிய ஒரு மலிவான சோதனை இருக்கின்றது. ஒன்றரை அடிச் சதுரமான தெளிந்த பொலித்தீன் தாளைச் சுவரில் வைத்து, நான்கு பக்கமும் டேப்பால் இறுக்கமாக ஒட்டுங்கள். இரண்டு நாட்கள் கழித்துப் பாருங்கள். தாளின் உட்பக்கத்தில், அதாவது சுவரைத் தொடும் பக்கத்தில், நீர்த்துளி இருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகின்றது. வெளிப்பக்கத்தில் இருந்தால் காற்றிலிருந்து வருகின்றது. தரையிலும் இவ்வாறே செய்யலாம்.

சுவர் ஊறினால் முதலில் கட்டடத்துக்கு வெளியே பாருங்கள். கூரைப் பீலி உடைந்து சுவரடியில் தண்ணீர் விழுகின்றதா? கான் அடைபட்டிருக்கின்றதா? மலைப்பக்கச் சுவருக்குப் பின்னால் தண்ணீர் வடிந்தோட வழி உண்டா? இவற்றைச் சரிசெய்த பின்னரே உட்சுவருக்கு நீர்த்தடுப்புப் பூச்சு. புதிய கட்டடமாயின் கொங்கிறீட்டே மாதக்கணக்கில் ஈரத்தைக் கக்கும். ஓர் அங்குலத் தடிப்புக்கு ஒரு மாதம் என்பது கட்டடக்காரர்களின் பொதுவான கணக்கு. எமது காலநிலையில் இன்னும் தாமதமாகலாம். தண்ணீர் தேங்கும் அல்லது வெள்ளம் ஏறும் களஞ்சியத்துக்கு இயந்திரம் மருந்தல்ல. 2016 மே மாத வெள்ளம் போன்ற ஒன்று வந்த இடங்களில் சரக்கை மேல்தளத்துக்கு மாற்றுவதே புத்தி.

சரக்கை அடுக்கும் முறையும் முக்கியம். தரையிலிருந்து நான்கு முதல் ஆறு அங்குலம் உயரமான மரத்தட்டுகளில், சுவரிலிருந்து அரை அடியாவது தள்ளி அடுக்குங்கள். வெறும் சீமெந்துத் தரையில் வைக்கும் கடதாசிப் பெட்டி திரி எண்ணெயை உறிஞ்சுவது போல ஈரத்தை உறிஞ்சும்.

அளக்காமல் வாங்காதீர்கள்

ஈரமானி, அதாவது ஹைக்ரோமீற்றர், விலை குறைந்த ஒரு சிறு கருவி. இரண்டு வாங்கி, ஒன்றைக் களஞ்சியத்தின் மூலையிலும் மற்றதைக் கடையிலும் வையுங்கள். காலையும் மாலையும் பத்து நாட்களுக்குக் குறித்துக்கொள்ளுங்கள். கருவி சரியா என்று பார்க்கக் கறியுப்பே போதும். ஒரு சோடா மூடியில் உப்பை வைத்து, சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஈர மணல் போல ஆக்குங்கள். ஈரமானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத பையில் 12 மணித்தியாலம் வையுங்கள். 75 வீதம் காட்ட வேண்டும். 70 காட்டினால், அக்கருவி ஐந்து குறைத்துச் சொல்கின்றது என்று பொருள்.

இயந்திரத்தைத் தெரிவு செய்தல்

சந்தையில் இரண்டு வகை உண்டு. ஒன்று கொம்பிரசர் வகை. குளிர்சாதனப் பெட்டி போல, குளிர்ந்த குழாயில் காற்றை மோதவிட்டுத் தண்ணீராக்கும். கொழும்பு, காலி, மட்டக்களப்பு போன்ற வெப்பமான ஊர்களுக்கு இதுவே சிக்கனம். மற்றது ஈரத்தை உறிஞ்சும் பொருள் கொண்ட சக்கரம் சுழலும் வகை. இது கூடுதலாக மின்சாரம் இழுக்கும். ஆனால் நுவரெலியா போன்ற குளிரில் கொம்பிரசர் குழாயில் பனி உறைந்துவிடும் என்பதால் அங்கே இது பொருந்தும்.

வாங்கும்போது பின்வருவனவற்றைக் கேளுங்கள்:

1. பெட்டியில் 'நாளுக்கு 20 லீற்றர்' என்று இருந்தால், எந்த நிலையில் என்று கேளுங்கள். அநேகமாக 30 பாகையும் 80 வீதமும் உள்ள காற்றில் எடுத்த அளவாக இருக்கும். 27 பாகையில் 60 வீதத்தை எட்டும்போது ஏறத்தாழ பாதிதான் கிடைக்கும். மேலே சொன்ன 10 லீற்றர்க் களஞ்சியத்துக்கு, சுவர் ஊறலையும் சேர்த்து, 25 முதல் 30 லீற்றர் இயந்திரம் தேவை.

2. மின்சாரம் போய் வந்தால் தானாக மீண்டும் ஓடுமா? பொத்தானை அழுத்தினால் மட்டும் ஓடும் இயந்திரம், சனிக்கிழமை இரவு மின்சாரம் தடைப்பட்டால் திங்கட்கிழமை வரை உறங்கும்.

3. வாளியோடு மட்டுமா, குழாய் பூட்டி வெளியே விட முடியுமா? வாளி நிரம்பியதும் இயந்திரம் நின்றுவிடும். களஞ்சியம் கானை விடத் தாழ்வாக இருந்தால், தண்ணீரை மேலே ஏற்றும் சிறு பம்ப் வேண்டும்.

4. எத்தனை வோல்ற்று? யப்பானிலிருந்து வரும் பாவித்த இயந்திரங்கள் 100 வோல்ற்றுக்கும், அமெரிக்காவிலிருந்து வருபவை 120 வோல்ற்றுக்கும் செய்யப்பட்டவை. எமது மின்சாரம் 230 வோல்ற்று.

5. உத்தரவாதமும் உதிரிப்பாகமும் இங்கே கிடைக்குமா?

'குளிரூட்டியே போதாதா?' என்று சிலர் கேட்பர். நிலக்கீழ் தளத்தில் வெயில் படுவதில்லை. ஆகவே குளிரூட்டி சில நிமிடங்களில் அறையைக் குளிர்த்திவிட்டு நின்றுவிடும். ஈரம் அப்படியே இருக்கும். சிலிக்கா ஜெல் பைகள் மூடிய பெட்டிக்குள் நல்லவை. ஒரு கிலோ ஜெல் ஒரு லீற்றரில் அரைவாசியைக்கூட உறிஞ்சாது என்பதால் அறைக்கு உதவாது.

செலவும் பராமரிப்பும்

500 வொட் இயந்திரம் நாளுக்கு 12 மணித்தியாலம் ஓடினால் 6 அலகு, மாதத்துக்கு 180 அலகு. 2022 முதல் மின்கட்டணம் பலமுறை மாறியுள்ளதால், உங்கள் கடைசி மின்பட்டியலில் உள்ள அலகு விலையால் பெருக்கிப் பாருங்கள். வரும் தொகையைச் சென்ற வருடம் கழிவு விலைக்குப் போன சரக்கோடு ஒப்பிடுங்கள். இருபது இலட்சம் ரூபா சரக்கில் ஐந்து வீதம் பழுதானாலே ஓர் இலட்சம் என்பதை நினைவிற்கொள்ளுங்கள்.

முதல் சில வாரங்களில் இயந்திரம் ஓய்வின்றி ஓடினால் பதற வேண்டாம். உலர்ந்த ஆயிரம் கிலோ பருத்தி, 65 வீத ஈரப்பதனில் ஏறத்தாழ 85 லீற்றர் தண்ணீரைத் தன்னுள் வைத்திருக்கும். அதிக ஈரத்தில் இன்னும் கூடுதல். சரக்கும் சுவரும் அதைக் கக்கி முடிக்கும் வரை அளவுமானி மெதுவாகவே இறங்கும். களஞ்சியம் ஓரிரு பாகை சூடாவதும் இயல்பு.

காற்று வடியைக் குறைந்தது மாதம் ஒருமுறை கழுவுங்கள். வாளியிலோ குழாய் முனையிலோ தண்ணீர் தேங்கினால் டெங்கு நுளம்பு பெருகும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வருமுன் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அத்தண்ணீர் குடிப்பதற்கு உகந்ததல்ல. நீட்டிப்பு வயரில் பூட்டாமல், ட்ரிப் சுவிச் உள்ள நேரடி பிளக்கில் பூட்டுங்கள். மின்வெட்டின்போது ஜெனரேற்றரை நிலக்கீழ் தளத்துக்குள் ஒருபோதும் ஓடவிடாதீர்கள். அதன் புகை ஆளைக் கொல்லும்.

இந்த வாரமே ஓர் ஈரமானி வாங்கி அளக்கத் தொடங்குங்கள். பொலித்தீன் சோதனையைச் செய்யுங்கள், கதவிடுக்குகளை அடையுங்கள். அதன் பின்னும் 70 வீதத்துக்குக் கீழே இறங்காவிட்டால், குறித்து வைத்த அளவுகளோடு கடைக்குப் போய் இயந்திரத்தைக் கேளுங்கள். கணக்கோடு வரும் வாடிக்கையாளருக்குத் தேவைக்கு மிஞ்சிய இயந்திரத்தைத் தலையில் கட்டுவது எந்த விற்பனையாளருக்கும் இலகுவல்ல.