பேய் என்னும் திருநாமம்



காரைக்காலில் 'பேய்' என்னும் சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டு. ஆனி மாதத்து மாங்கனித் திருவிழாவில் ஊரே கொண்டாடும் புனிதவதியார், தம் பதிகத்தில் தம்மைக் காரைக்காற் பேய் என்றே சொல்லிக்கொண்டவர். நித்யகல்யாணப் பெருமாள் ஸேவை ஸாதிக்கும் இவ்வூரில் குழந்தைகளுக்கு மூன்றாம் திருவந்தாதி சந்தை சொல்லத் தொடங்கினால், "ஆழ்வாருக்கு ஏன் இந்தப் பெயர்?" என்ற கேள்வி வந்தே தீரும். அயல்நாட்டில் வளரும் பிள்ளைகளோ அகராதியைப் பார்த்து, இறந்தவரின் ஆவி என்று எழுதிக்கொள்கிறார்கள். அதை அப்படியே விட்டால் ஆழ்வார் திருநாமம் வேடிக்கைப் பொருளாகிவிடும்.

அகராதி தரும் பொருள் ஒன்று; சொல் சுமந்து வரும் குறிப்பு வேறு. 2018 நவம்பரில் கஜா புயல் இக்கரையைத் தாக்கியபோது பேய்க்காற்று, பேய்மழை என்றோம். அங்கே ஆவி ஏது? அளவு கடந்தது என்பதே கருத்து. பேய்ச்சுரை என்றாலோ உண்ண உதவாத கசப்புக்காய். பூதனையைப் பெரியாழ்வார் பேய்ச்சி என்னுமிடத்தில் மட்டும் அகராதிப் பொருளே நிற்கிறது. (வங்கிப் பேரேட்டில் 'பற்று' எழுதியே காலம் கழித்த நமக்கு, ப்ரபந்தத்தில் அச்சொல்லைக் கண்டால் இன்றும் கணக்குத்தான் முதலில் நினைவுக்கு வருகிறது!)

ஐப்பசிச் சதயத்தில் திருமயிலையில் அவதரித்த ஆழ்வாரின் பெயரைப் பூர்வர்கள் எப்படிக் கொண்டனர் என்று வெளியே தேட வேண்டா. நாள்தோறும் அநுஸந்திக்கும் பொதுத் தனியனில் பட்டர் அவரை 'மஹதாஹ்வயர்', அதாவது பெரிய திருநாமம் உடையவர் என்கிறார். வடமொழியில் பிசாசம் முதலிய சொற்கள் இருந்தும் அவற்றைத் தொடவில்லை. 'பூதம்' என்பதை அப்படியே வைத்தவர், 'பேய்' என்பதை மட்டும் மாற்றியிருக்கிறார். பேய்மழையில் உள்ள அந்த மிகுதியே இங்கும் உள்ளது என்பது நம் எண்ணம்.

மிகுதி எதில் என்பதைக் குலசேகரரிடம் கேட்கலாம். பெருமாள் திருமொழி மூன்றாம் பத்தில் அவர், உலகத்தார் தமக்குப் பேயர், தாம் அவர்களுக்குப் பேயர் என்கிறார். சொல் ஒன்றே. அவர்கள்பால் அது நிலையில்லாததைப் பிடித்த மயக்கம். இவர்பால் அரங்கனைப் பிடித்த மயக்கம். உலகம் இட்ட வசையை அவர் மறுக்கவும் இல்லை, எடுத்துச் சூடிக்கொண்டார்.

ஆகவே பிறமொழியில் எழுதுவோர் திருநாமத்தைப் பெயர்க்காமல் பேயாழ்வார் என்றே வைத்து, 'எம்பெருமானிடம் பித்தேறியவர்' என விளக்கம் சேர்ப்பது தகும். காரைக்கால் பிள்ளைக்குப் பேய்மழையைச் சொன்னாலே விளங்கும். அம்மழை அறியாத ஊர்ப் பிள்ளைக்குக் குலசேகரர் பாசுரத்திலிருந்து தொடங்கலாம்.