மனதின் மாவுக்கட்டு

வேதபகுதி: 2 சாமுவேல் 12:1-14



சர்க்கரை நோய் என்று மருத்துவர் சொன்னதும், "எனக்கு ஒன்றுமில்லை, ஜெபித்துவிட்டேன்" என்று மாத்திரையை ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு. அது விசுவாசம்போல் தோன்றும்; பலவேளைகளில் அது பயமே. தாங்கமுடியாத செய்தியை மனம் தன்னை அறியாமலே தள்ளிவைக்கிறது. இத்தகைய தற்காப்பு முறைகளை அன்னா பிராய்டு அம்மையார் 1936-ல் ஒரு நூலில் விளக்கினார். ஏதேனில் ஆதாம் ஏவாளையும், ஏவாள் சர்ப்பத்தையும் காட்டியதும் இவ்வகையே.

தற்காப்பு முழுவதும் தீமையல்ல. முறிந்த எலும்புக்கு மாவுக்கட்டு தேவை. ஆனால் எலும்பு கூடிய பின்னும் அதை அகற்றாவிட்டால் மூட்டு இறுகும், தசை மெலியும். மனமும் அப்படியே வளராமல் நின்றுவிடும்.

தாவீது தன் பாவத்தை மறைத்தே வாழ்ந்தார். நாத்தான் எடுத்தவுடனே குற்றஞ்சாட்டவில்லை. ஏழையின் ஆட்டுக்குட்டிக் கதையைச் சொன்னார். ராஜா அநியாயத்தைத் தன் வாயாலே தீர்த்த பின்பே, அந்த மனுஷன் அவரே என்றார். மறைத்தவர் அறிக்கையிட்டார். வளர்ச்சி அங்கே தொடங்கியது.

நோயாளியைச் சந்திக்கையில் வாதாடி அவர் கட்டைப் பிய்க்காதீர்கள். "ஒன்றுமில்லை" என்று கூடச்சேர்ந்து சொல்லவும் வேண்டாம். அருகில் அமருங்கள், கேளுங்கள். எசேக்கியாவுக்கு ஜெபத்தோடு அத்திப்பழ அடையும் இருந்ததை நினைப்பூட்டுங்கள் (ஏசாயா 38:21).

சிந்திக்க: நான் இன்னும் அவிழ்க்காத கட்டு எது?

ஜெபம்: ஆண்டவரே, உண்மையைத் தாங்கும் பெலன் தாரும். ஆமென்.